வானநூலார் கோல்டிங்காம்

மாமல்லபுரத்துக் கற்றேர்களைக் கண்டு மகிழும் நம் மாணவர், அச்சிற்பங்களைப் பற்றி முற்காலத்தே எழுதியவருள் ஒருவர் வானநூல் வல்லார் என அறியின் வியப்புறுவர். ஜான் கோல்டிங்காம் என்னும் அப்பெரியார் வரைந்த கட்டுரை 1798-இல் கல்கத்தாவில் அச்சாயிற்று.

1796-இல் மைக்கேல் டாப்பிங் காலஞ்சென்றபின் நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சி நிலையம் இவர் பொறுப்பில் வந்தது. இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் மாளிகையைக் கட்டுவித்தவரும் இவரே. ஊரார் மண்டபத்தையே அறிவர். யாம் போற்றுவதோ இவருடைய பீரங்கியையும் ஊசலையுமாம்.

1820, 1821-ஆம் ஆண்டுகளில், செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும், அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த பரங்கிமலையிலும் பீரங்கி வெடிக்க, அதன் ஒளி தோன்றியதற்கும் ஓசை வந்ததற்கும் இடைப்பட்ட காலத்தை நிலையத்திலிருந்து அளந்தனர். மலை ஏறத்தாழ ஐந்தரை மைல். ஓசை வந்துசேர இருபத்தைந்து விநாடிக்குச் சற்று மேலாகும். ஆயினும் விடை ஒன்றாக அமையவில்லை. விநாடிக்கு ஜனவரியில் 1,101 அடி, ஜூலையில் 1,164 அடி. சராசரியொன்று கூறி வேலையை முடித்திருக்கலாம். எத்தனையோ பேர் அங்ஙனமே செய்வர். இவரோ வேட்டுகளோடு வெப்பம், ஈரம், காற்றழுத்தம், காற்றின் போக்கு யாவற்றையும் குறித்து வைத்தார். வெப்பம் மிகின் ஓசை விரையும், எதிர்க்காற்றுத் தடுக்கும்.

1821-இல் ஊசலாட்டி ஈர்ப்பையும் அளந்தார். விநாடிக்கொரு முறை வீசும் ஊசலின் நீளம் லண்டனில் 39.139 அங்குலம், சென்னையில் 39.026 எனக் கண்டார். நிலநடுக்கோட்டை நெருங்க ஈர்ப்புக் குறைவதே காரணம்.

ஈர்ப்பலைகளைக் காணவும் ஊசலே துணையாயிற்று. அமெரிக்காவில் நான்கு கிலோமீட்டர் நீளக் குழாய்களின் கோடிகளில் 40 கிலோ எடையுள்ள ஆடிகள் ஊசல்களாய்த் தொங்குகின்றன. அலை கடக்குங்கால் ஆடிகளின் இடைவெளி அணுக்கருவினும் நுண்ணிய அளவே மாறும். லேசர் ஒளி அதனைக் காட்டும். 2015 செப்டம்பர் 14-இல் லிவிங்ஸ்டனில் தோன்றிய அதிர்வு, ஏழு மில்லிவிநாடி கழித்து ஹான்ஃபோர்டிலும் தோன்றிற்று. ஓரிடத்தில் மட்டும் கண்டிருப்பின் யார் நம்புவர்? அங்கும் நில அதிர்ச்சியும் காற்றும் இடையறாது பதிவாகின்றன. பரங்கிமலை வேட்டுக்கு வெப்பமும் காற்றும் குறிக்கப்பட்டவாறே.

கோல்டிங்காம் 1830-இல் ஓய்வு பெற்றார், 1849-இல் மறைந்தார். அவர் காலத்தில் நிலையத்துக் கருவியைத் தாங்கிய கருங்கற்றூண், நுங்கம்பாக்கத்து வானிலை நிலைய வளாகத்தில் இன்றும் தமிழெழுத்துப் பொறிப்புடன் நிற்கின்றது.