இரண்டு தடவை பிறந்த கிருஷ்ண பிள்ளை



இந்த மாதச் சுவரிதழுக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதச் சொல்லி தமிழ் ஐயா என்னிடம் சொன்னார். காந்தி, காமராசர், அப்துல் கலாம் எல்லாரையும் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு எங்கள் வீட்டில் ஒரு காரணம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்க சித்தப்பா துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரியில் டிரைவர். மூன்று வருஷம் முன்னால் வரைக்கும் நிறையக் குடிப்பார். ரோட்டோரமாக லாரிகள் வரிசையாக நிற்குமே, அங்கே போய் எந்த லாரிக்கு அடியில் படுத்திருக்கிறார் என்று தேடிக் கூட்டி வருவதுதான் சித்திக்கு வேலை. அப்புறம் யாரோ கூப்பிட்டு ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போனார். ஞானஸ்நானம் எடுத்தார். குடியை விட்டுவிட்டார். தான் மறுபடியும் பிறந்துவிட்டதாக எல்லாரிடமும் சொன்னார். சித்திக்கு சந்தோஷம். ஆனால் தாத்தா திதி அன்றைக்கு அவர் படையலுக்கு வரவில்லை. ஆயா அன்னிக்கு முழுக்க சாப்பிடல. இவன் மறுபடி பிறந்துட்டான்னா அப்போ நான் பெத்தது என்ன ஆச்சு என்று கேட்டு அழுதுச்சு. எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அப்போதுதான் அக்காவின் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் இரட்சணிய யாத்திரிகம் என்ற பாடத்தைப் பார்த்தேன். எழுதியவர் பெயர் எச்.ஏ. கிருட்டிணனார் என்று போட்டிருந்தது. எச் என்றால் ஊர், ஏ என்றால் அப்பா பேர் என்று நினைத்துக்கொண்டேன். அது தப்பு. ஹென்றி ஆல்பிரட் என்பதுதான் எச்.ஏ. ஹென்றியும் கிருஷ்ணனும் ஒரே ஆளுக்கு எப்படிப் பெயராக இருக்க முடியும் என்று ஐயாவிடம் கேட்டேன். அவர் சொன்னதும், நூலகத்தில் படித்ததும்தான் இனி வருவது.

கிருஷ்ண பிள்ளை 1827-ஆம் வருஷம் திருநெல்வேலிப் பக்கத்தில் கரையிருப்பு என்ற ஊரில் பிறந்தார். வைணவக் குடும்பம். அப்பா சங்கரநாராயண பிள்ளை கம்பராமாயணத்தில் ஊறியவர். அதனால் சின்ன வயசிலேயே கம்பன் பாட்டு பிள்ளையின் காதில் விழுந்துகொண்டே இருந்தது. நமக்கு சினிமாப் பாட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். (ஐயா கோபிக்க வேண்டாம்.)

1853-இல் சாயர்புரத்தில் மிஷன் பள்ளியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. அப்போது அவர் கிறிஸ்தவர் இல்லை. கிறிஸ்தவப் பள்ளியில் வைணவ வாத்தியாராகவே இருந்து பாடம் நடத்தினார். அவர் தம்பி முத்தையா பிள்ளையும், தனக்கோடி ராஜு என்ற நண்பரும் அவருக்கு முன்னாலேயே கிறிஸ்தவர்களானார்கள். இவர் உடனே போய்விடவில்லை. வருஷக்கணக்கில் படித்தார், யோசித்தார். பிறகு 1858-இல் நம்ம சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். வயசு முப்பது முடிந்து முப்பத்தொன்று ஆகப் போகிற நேரம். அந்த நாளில் வந்ததுதான் ஹென்றி ஆல்பிரட் என்ற பெயர்.

ஞானஸ்நானம் என்றால் என்ன, மறுபடி பிறப்பது என்றால் என்ன என்று நம் வகுப்பில் பலபேருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. எங்க வீட்டில் மறுபிறவி என்றால் செத்த பிறகு வருவது. என் தம்பியைக் காட்டி தாத்தாவே வந்து பிறந்திருக்கார் என்று சொல்வார்கள். கிறிஸ்தவர்கள் சொல்வது அது இல்லை. சாகாமலே, இந்த உடம்பிலேயே, இதே வீட்டிலேயே, உள்ளே இருக்கிற ஆள் புதுசாகப் பிறப்பது.

இது யோவான் சுவிசேஷத்தில் 3-ஆம் அதிகாரத்தில் வருகிறது. நிக்கொதேமு என்று ஒரு யூதப் பெரிய மனுஷர், நன்றாகப் படித்தவர், இயேசுவைப் பார்க்க ராத்திரி நேரத்தில் வருகிறார். பகலில் வந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்றுதான் இருக்கும். மறுபடியும் பிறக்காதவன் கடவுளின் ராஜ்யத்தைப் பார்க்க முடியாது என்று இயேசு சொன்னதும் அவருக்குத் தலை சுற்றிப் போகிறது. வயசான மனுஷன் திரும்ப எப்படி அம்மா வயிற்றுக்குள் போவான் என்று கேட்கிறார். எங்க ஆயா கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான்! இயேசு அதற்குத் தண்ணீரையும் ஆவியையும் சொல்லி, காற்றை உதாரணம் காட்டினார். காற்றின் சத்தம் கேட்கும், எங்கிருந்து வருகிறது எங்கே போகிறது என்று தெரியாது. கடற்கரையில் இருக்கிற நமக்கு இது சுலபமாகப் புரியும். காற்றை யாரும் பார்த்ததில்லை, ஆனால் அது அடித்தால் காயப்போட்ட துணி எல்லாம் அடுத்த தெருவில் கிடக்கும்.

எல்லா சபையிலும் ஒரே வழக்கம் கிடையாது. கத்தோலிக்கர்களும் தென்னிந்தியத் திருச்சபைக்காரர்களும் கைக்குழந்தைக்கே தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் விவரம் தெரிந்த பிறகு முழுசாகத் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள். சித்தப்பாவுக்கு அப்படித்தான் நடந்தது, தொட்டியில். உள்ளே போவது பழைய ஆளை அடக்கம் பண்ணுகிற மாதிரி, வெளியே வருவது புது ஆள் எழுந்திருக்கிற மாதிரி என்று சித்தி விளக்கினாங்க.

கிருஷ்ண பிள்ளை சென்னையில் தினவர்த்தமானி என்ற பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தார். மெரினாவுக்கு எதிரே இருக்கிற மாநிலக் கல்லூரியிலும் தமிழ் சொல்லிக் கொடுத்தார். பிறகு பாளையங்கோட்டைக்குப் போய்விட்டார். திருவனந்தபுரத்திலும் கொஞ்ச காலம் தமிழாசிரியராக இருந்தார். போற்றித் திருவகவல், இரட்சணிய மனோகரம் என்று பல நூல்கள் எழுதினார்.

பெரிய நூல் இரட்சணிய யாத்திரிகம்தான். ஜான் பனியன் என்ற இங்கிலாந்துக்காரர் 1678-இல் வெளியிட்ட கதையை வைத்துச் செய்தது. பனியன் ஓட்டைப் பாத்திரம் அடைக்கிற தொழிலாளி. அனுமதி இல்லாமல் பிரசங்கம் செய்தார் என்று பன்னிரண்டு வருஷம் ஜெயிலில் இருந்தவர். முதுகில் பெரிய மூட்டையோடு ஒருத்தன் தன் ஊரை விட்டுக் கிளம்பிப் போகிறான், சிலுவைக்குப் பக்கத்தில் வரும்போது மூட்டை தானாகவே அவிழ்ந்து விழுகிறது. மூட்டை என்பது அவன் பாவம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் நம்ம ஏரியாவில் எத்தனையோ தாத்தாக்கள் இருக்கிறார்கள். மூட்டை இறங்கினால் எப்படி இருக்கும் என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

இதைப் பிள்ளை அப்படியே மொழிபெயர்க்கவில்லை. ஐந்து பருவமாகப் பிரித்து 3766 பாட்டில் தமிழ்க் காப்பியமாக ஆக்கினார். நற்போதகம் என்ற மாத இதழில் 13 வருஷம் தொடராக வந்து, 1894-இல் புத்தகமானது. அதில்தான் எனக்கு ஆச்சரியம். கடவுள் மாறிவிட்டது, சபை மாறிவிட்டது, ஆனால் பாட்டு நடை கம்பன் நடை! அப்பாவிடம் கேட்ட தமிழை அவர் விடவே இல்லை. கிறிஸ்தவக் கம்பர் என்றே அவருக்குப் பட்டம் வந்தது. 1900-ஆம் வருஷம் இறந்துபோனார். கடைசி வரைக்கும் கிருஷ்ண என்ற பெயர் பின்னாலேயே இருந்தது.

எனக்குத் தோன்றுவது, அவர் பிறந்த வீட்டைக் கொளுத்திவிட்டுப் புது வீட்டுக்குப் போகவில்லை, சாமான்களையும் கூடவே எடுத்துக்கொண்டு போனார். சித்தப்பா இதைப் படித்தால் ஒத்துக்கொள்வாரா தெரியாது. அவருக்குப் படையல் சோறு வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதில் நான் ஒன்றும் சொல்ல முடியாது.

சார்ட்டில் எழுதுவதற்கு முன்னால் இதை ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். நிக்கொதேமு வந்த இடத்தில் ஆயா சிரிச்சுச்சு. கம்பராமாயணம் வருகிற இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிச்சு. அவங்க அம்மா எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பாங்க என்று கேட்டுச்சு. கிருஷ்ணா என்றுதான் கூப்பிட்டிருப்பாங்க என்று நான் சொன்னேன். ஆயா ஒன்றும் பேசவில்லை. அந்நேரம் சித்தப்பா லாரியை விட்டுவிட்டு வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். சாப்பிட வாடா என்று ஆயா அவரோட பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச்சு. அவரும் வந்தார்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
எர்ணாவூர்.