பல்லைக் காக்கக் கற்பித்த ரபியுத்தீன் அஹமட்

பல் வலித்தால் பிடுங்கிவிடுவதே வைத்தியம் என்ற எண்ணம் மூதூர், கிண்ணியா போன்ற நமது துறைமுகக் கரையோர ஊர்களில் இன்னும் முற்றாக மறையவில்லை. பல்லைப் பிடுங்காமல் செப்பனிடும் கலையை இந்தியத் துணைக்கண்டத்தில் கல்லூரிப் பாடமாக்கியவர் டாக்டர் ரபியுத்தீன் அஹமட்.

1890 இல் கிழக்கு வங்காளத்தில் பிறந்த இவர், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915 இல் பல்மருத்துவப் பட்டம் பெற்றார். பொஸ்டன் நகரில் பணியாற்றிவிட்டு 1919 இல் கல்கத்தா திரும்பினார். அங்கு பல்மருத்துவம் கற்பிக்கக் கல்லூரி இருக்கவில்லை. அரசின் கையை எதிர்பாராமல், நியூயோர்க் சோடா பவுண்டன் என்ற குளிர்பானக் கடையின் வருவாயைக் கொண்டு 1920 இல் இந்தியாவின் முதலாவது பல்மருத்துவக் கல்லூரியை நிறுவினார். இனிப்புப் பானம் விற்ற காசில் பல்வைத்தியம் வளர்ந்தது வேடிக்கைதான்! பாத்திமா ஜின்னா பயின்றதும் இக்கல்லூரியிலேயே. இலங்கையில் இக்கல்வி கொழும்பில் தொடங்கியது 1943 இல்தான். பின்னரே அது பேராதனைக்கு மாறியது.

பற்குழி அடைத்தல் குறித்த மாணவர் கைநூலொன்றை அஹமட் 1928 இல் வெளியிட்டார். அன்று பரவலாகப் பயன்பட்ட பாதரசக் கலவை பல்லில் ஒட்டாது. எனவே குழியின் வடிவமே அடைப்பைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. அடித்தளம் தட்டையாகவும் வாய்ப்பகுதி சற்றே ஒடுங்கியும் பெட்டிபோல் வெட்டுவார்கள். மெல்லிய கலவை கடிக்கும்போது உடைந்துவிடும் என்பதால் ஆழமும் தேவைப்பட்டது. இதற்காக நல்ல பல்லும் பலியானது. உள்மூலை கூராக அமைந்துவிட்டால் மெல்லும் விசை அங்கே குவிந்து, நாளடைவில் பல்லே பிளக்கும் அபாயமும் இருந்தது.

1955 இல் அமெரிக்கரான மைக்கேல் பொனகோர், எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் அதில் பற்றிக்கொள்ளும் எனக் காட்டினார். அதன் வழிவந்த ஒட்டும் அடைப்புகளுக்குப் பெட்டிக்குழி தேவையில்லை; சொத்தையை மட்டும் அகற்றினால் போதும். எனினும் வடிவத்தின் கணக்கு தீரவில்லை. பிசின் இறுகும்போது சுருங்கி, தான் ஒட்டிய சுவர்களை இழுக்கிறது. ஆழமான, பல சுவர்கள் சூழ்ந்த குழியில் இவ்விழுவிசை அதிகம். அகன்று திறந்த குழியில் குறைவு. ஆகவேதான் வைத்தியர் பிசினைப் படைபடையாக இடுகிறார்.

அஹமட் தமது கல்லூரியை 1949 இல் பொதுச் சொத்தாக ஒப்படைத்தார். பின்னர் மேற்கு வங்க அமைச்சராகவும் பணியாற்றினார். 1964 இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், மறு ஆண்டு காலமானார். கொல்கத்தாவில் அக்கல்லூரி இன்றும் அவர் பெயரிலேயே இயங்குகிறது.