சாப்மன் கேட்டு வாங்கிய என்ஜின்

யூடியூப்ல வீட்டு கராஜிலேயே ரெப்ளிகா ஸ்போர்ட்ஸ் கார் கட்டும் ஆட்களைப் பார்த்திருப்பீங்க. சேஸி, பாடி எல்லாம் எப்படியோ முடிஞ்சிடும். பட்ஜெட்டை விழுங்குறது என்ஜின்தான். கிடைச்ச என்ஜினைத் தூக்கி உள்ளே வைக்கிறதா, இல்ல நல்ல என்ஜின் பில்டரிடம் போய் நம்ம காருக்குன்னே ஒன்று செய்யச் சொல்றதா? உலகத்தில் மிக அதிகமாக ரெப்ளிகா செய்யப்பட்ட கார்களில் ஒன்று லோட்டஸ் செவன். அதை உருவாக்கிய காலின் சாப்மனும் இதே கேள்வியோடு பல வருஷம் அலைந்தவர்தான்.

சாப்மன் 1928 மே 19 அன்று லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் பிறந்தார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் படித்தது மெக்கானிக்கல் இல்லை, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங். (சிவில் டிபார்ட்மென்ட் மக்கள் காலரைத் தூக்கி விட்டுக்கலாம்!) கடைசி வருஷக் கணக்குப் பேப்பரில் அரியர். அதை மறுபடி எழுதித்தான் டிகிரி வாங்கினார். ஆனால் அந்தப் படிப்பு அவரை விடவே இல்லை. காரை அவர் கடைசி வரை ஒரு பாலத்தைப் பார்ப்பது போலவே பார்த்தார். எந்தப் பாகம் எந்தச் சுமையைத் தாங்குகிறது? எதுவும் தாங்காமல் சும்மா உட்கார்ந்திருப்பது எது? அதைத் தூக்கு.

1948-ல் ஒரு பழைய ஆஸ்டின் செவனை வைத்து முதல் காரைக் கட்டினார். இடம், காதலி ஹேசலின் பெற்றோர் வீட்டு கராஜ். 1952-ல் லோட்டஸ் கம்பெனி தொடங்கியபோது 25 பவுண்டு கொடுத்ததும் ஹேசல்தான். இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம். அப்போதெல்லாம் சொந்த என்ஜினுக்குக் காசு ஏது? தீயணைப்பு பம்ப்புக்காகச் செய்யப்பட்ட ஒரு கோவென்ட்ரி கிளைமாக்ஸ் என்ஜின் எடை குறைவாக இருந்தது. அதிலிருந்து வந்த ரேஸ் என்ஜினைத் தன் கார்களில் மாட்டி ஜெயித்தார். 1957-ல் வந்த செவனைப் பாகங்களாகப் பிரித்து, கிட்டாகவும் விற்றார். வாங்குறவரே பூட்டிக்கொண்டால் கார் வாங்கும்போது கட்ட வேண்டிய வரி கிடையாது. பூட்டும் முறையை எழுதிக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருந்ததால், கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து அதைத் தலைகீழாகப் படிக்கச் சொன்னதாக ஒரு கதை உண்டு. மனுஷன் செய்யக்கூடியவர்தான்.

சிக்கல் 1966-ல் வந்தது. ஃபார்முலா ஒன் விதி 1.5 லிட்டரிலிருந்து 3 லிட்டருக்கு மாறியது. கிளைமாக்ஸ் கம்பெனியோ இனி ரேஸ் என்ஜின் செய்வதில்லை என்று ஒதுங்கிவிட்டது. சாப்மன் கையில் ஜிம் கிளார்க் இருக்கிறார், அந்தக் காலத்தின் மிகச் சிறந்த டிரைவர். என்ஜின் மட்டும் இல்லை. தற்காலிகமாக பிஆர்எம் கம்பெனியின் எச்-16 என்ஜினை வாங்கினார். இரண்டு எட்டு சிலிண்டர் என்ஜின்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற ராட்சசம் அது. எக்கச்சக்க எடை, அடிக்கடி கோளாறு. அதை வைத்தும் கிளார்க் அமெரிக்காவில் ஒரு ரேஸ் ஜெயித்தார் என்றால் அது கிளார்க்கின் திறமை.

சாப்மன் மனதில் வேறொரு ஆள் இருந்தார். கீத் டக்வொர்த். முன்பு லோட்டஸில் கியர்பாக்ஸ் வேலை பார்த்து, அதன் டிசைனில் சாப்மனோடு ஒத்துப்போகாமல் வெளியேறி, 1958-ல் மைக் காஸ்டினோடு சேர்ந்து காஸ்வொர்த் கம்பெனியைத் தொடங்கியவர். சண்டை போட்டுப் போனவரிடமே திரும்பப் போய் நின்றார் சாப்மன், அதுதான் எனக்குப் பிடித்த இடம். டக்வொர்த் கேட்ட தொகை ஒரு லட்சம் பவுண்டு. லோட்டஸிடம் அது இல்லை. சாப்மன் பல கதவுகளைத் தட்டிவிட்டு, பிரிட்டன் ஃபோர்டில் இருந்த வால்டர் ஹேய்ஸிடம் பேசினார். ஹேய்ஸ் முன்னாள் பத்திரிகையாளர். விளம்பரத்தின் மதிப்பு தெரிந்தவர். ஃபோர்டு பணம் கொடுத்தது.

இனிதான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வருகிறார். சாப்மன் கேட்டது வெறும் பவர் இல்லை. என்ஜினே காரின் பின்பாதியாக இருக்கணும் என்றார். டிரைவர் உட்காரும் அலுமினியத் தொட்டி, அவர் முதுகுக்குப் பின்னாலேயே முடிந்துவிடும். அங்கே நான்கு இடத்தில் போல்ட் போட்டு என்ஜினைப் பிணைப்பார்கள். அதற்குப் பின்னால் சேஸி என்று எதுவுமே கிடையாது. பின்சக்கர சஸ்பென்ஷன் தரும் விசை முழுவதும் என்ஜின், கியர்பாக்ஸ் வழியாகவே முன்னால் போகும். சூடானால் என்ஜின் விரியுமே? அதனால் மேல் இணைப்புகளுக்கு மட்டும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் மெல்லிய தகடுகள். இப்படி ஒன்றைக் கடையில் வாங்கவே முடியாது. காரும் என்ஜினும் ஒரே மேஜையில் பிறந்தால்தான் நடக்கும். டக்வொர்த் மாதக்கணக்கில் வீட்டிலேயே உட்கார்ந்து வரைந்து தள்ளினார். 90 டிகிரி வி-8, சிலிண்டருக்கு நான்கு வால்வு, 400 குதிரைத்திறனுக்கு மேல். பெயர் டிஎஃப்வி.

1967 ஜூன் 4, ஹாலந்தின் சான்ட்வோர்ட். லோட்டஸ் 49-க்கு முதல் ரேஸ். கிரஹாம் ஹில் போல் எடுத்து முன்னால் ஓடினார். 11-வது லேப்பில் கேம்ஷாஃப்டை ஓட்டும் கியரில் பல் உடைந்து நின்றார். அந்த வாரத்தில்தான் முதன்முதலாக அந்தக் காரில் உட்கார்ந்த கிளார்க், எட்டாவது இடத்தில் கிளம்பி ஜெயித்தார். அந்த வருஷம் கிளார்க்குக்கு மொத்தம் நான்கு வெற்றி. ஆனாலும் கார் அடிக்கடி பழுதானதால் சாம்பியன்ஷிப் கை நழுவியது.

வேறு அடி ஹேய்ஸிடமிருந்து வந்தது. இந்த என்ஜின் லோட்டஸுக்கு மட்டும் என்றால் எதிராளியே இருக்க மாட்டான், ஜெயித்தும் ஃபோர்டுக்குப் பெருமை இல்லை என்று அவருக்குப் பட்டது. மற்ற டீம்களுக்கும் விற்கலாமா என்று கேட்டார். யோசனையும் ஓட்டமும் சாப்மனுடையவை, பணம் ஃபோர்டுடையது. சாப்மன் சம்மதித்தார். வேறென்ன செய்ய முடியும்? 1968-லேயே மெக்லாரனும் மாத்ராவும் அதே என்ஜினோடு லோட்டஸ் பக்கத்தில் வந்து நின்றன. அந்த வருஷ சாம்பியன் ஹில், லோட்டஸில். அடுத்த வருஷம் ஜாக்கி ஸ்டூவர்ட், மாத்ராவில்.

அதைவிடப் பெரிய இழப்பு 1968 ஏப்ரல் 7. ஹாக்கன்ஹைமில் ஒரு ஃபார்முலா டூ ரேஸில் கிளார்க் இறந்தார். 1970-ல் மோன்சாவில் யோகன் ரின்ட். முன் பிரேக் ஷாஃப்ட் உடைந்ததே காரணம் என்பார்கள். லோட்டஸ் கார்கள் உடைகின்றன, நம்பிக்கை போய்க்கொண்டிருக்கிறது என்று ரின்ட் அதற்கு முன்பே சாப்மனுக்குக் கடிதம் எழுதியிருந்தார். தேவையில்லாததைத் தூக்கு என்ற அதே கை, தேவையானதையும் மெலிய வைத்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். அவரை மேதை என்று மட்டும் எழுதிவிட்டுப் போக மனசு வரவில்லை. டெலோரியன் கார் கம்பெனி லோட்டஸுக்குக் கொடுத்த வேலையில் பணம் காணாமல் போன வழக்கும் உண்டு. அது கோர்ட்டுக்குப் போனபோது சாப்மன் உயிரோடு இல்லை. அவருடைய கணக்கு அதிகாரி சிறைக்குப் போனார். சாப்மன் இருந்திருந்தால் குறைந்தது பத்து வருஷம் கிடைத்திருக்கும் என்றார் நீதிபதி.

1982 டிசம்பர் 16 அன்று மாரடைப்பு. வயது 54. செவன் காரின் உரிமையை அதற்கு ஒன்பது வருஷம் முன்பே கேட்டர்ஹாம் கம்பெனிக்கு விற்றிருந்தார். அது இன்னும் தயாராகிக்கொண்டிருக்கிறது. டிஎஃப்வி குடும்பம் மொத்தம் 155 கிராண்ட் பிரி ஜெயித்தது. அதில் பெரும்பாலானவை லோட்டஸின் போட்டியாளர்கள் எடுத்தவை. கடைசி வெற்றி 1983 ஜூனில், டெட்ராய்ட்டில், டைரல் டீமுக்கு. அன்று நைஜல் மான்செல் ஓட்டிய காஸ்வொர்த் லோட்டஸ் ஆறாவதாக வந்தது.