மணலில் எழுதப் பழகிய ஜெர்மானியர்

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகிறவர்கள் அங்கேயுள்ள சீயோன் லுத்தரன் தேவாலயத்தைப் பார்த்திருப்பீர்கள். 1924-இல் கட்டியது. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த தமிழர்கள் கட்டிக் காத்த சபை அது. லுத்தர் ஜெர்மனிக்காரர் ஆயிற்றே, அவர் வழிச் சபை நம்ம ஆட்களிடம் எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? அதற்குத் தரங்கம்பாடிக்குப் போக வேண்டும்.

தரங்கம்பாடி எங்கோ தொலைவில் இருக்கிற ஊர் அல்ல. உங்கள் தாத்தா பாட்டியில் பல பேர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறித்தான் கிள்ளான் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அந்த நாகப்பட்டினத்துக்கு வடக்கே, காரைக்காலையும் தாண்டினால் தரங்கம்பாடி வந்துவிடும். 1620 முதல் அது டென்மார்க்காரர்களின் கையில் இருந்தது. அவர்களுடைய கோட்டை இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது.

அந்தக் கடற்கரைக்கு 1706 ஜூலை 9-ஆம் நாள் வந்து சேர்ந்தவர் பர்த்தலோமேயு சீகன்பால்க். 1682-இல் சாக்சனி நாட்டுப் புல்ஸ்னிட்ஸ் ஊரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயையும் தகப்பனையும் இழந்தவர். நோஞ்சான் உடம்பு. டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்ப, புளூட்சோ என்ற தோழரோடு ஏழு மாதத்துக்கு மேல் கடலில் கிடந்து வந்தார். வந்தவர்களை அழைக்க யாருமில்லை. கம்பெனித் தலைவர் ஹாசியுஸுக்கு இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. மணிக்கணக்காகக் காக்க வைத்துவிட்டார்.

அடுத்து அவர் செய்ததுதான், மாணவச் செல்வங்களே, உங்களுக்காகச் சொல்வது. வயதான ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்து, பள்ளிக்கூடத்தைத் தம் வீட்டுக்கே கொண்டு வரச் செய்தார். இருபத்து நாலு வயது வெள்ளைக்காரர், பொடிப் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார். பிள்ளைகள் சிரித்திருப்பார்கள், சிரிக்காமல் இருப்பார்களா? போர்த்துக்கீசியம் தெரிந்த அழகப்பன் என்பவர் பொருள் சொல்லிக் கொடுத்தார். எட்டே மாதத்தில் படிக்க, எழுத, பேச வந்துவிட்டதாம்.

பிறகு ஓலைச்சுவடி தேடிப் புறப்பட்டார். 1708-க்குள் 119 தமிழ்ச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று ஜெர்மன் மொழியில் குறித்து வைத்தார். நீங்கள் வகுப்பில் ஒப்பிக்கிற கொன்றை வேந்தனையும் உலகநீதியையும், நீதிவெண்பாவையும் அதே ஆண்டில் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். அவர் வந்தது மதம் பரப்பத்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே இருப்பவர்கள் கல்வியறிவில்லாத ஜனங்கள் என்ற எண்ணத்தோடு வந்தவர், சுவடிகளைப் படித்த பிறகு, தாம் நினைத்தது தவறு என்று தம் நாட்டாருக்கே எழுதினார். அந்தக் காலத்தில் ஒரு ஐரோப்பியர் இப்படி எழுதுவது லேசான காரியமா?

ஊரிலும் அவர் வாய் மூடி இருக்கவில்லை. ஒரு கைம்பெண்ணின் பண வழக்கில் அவளுக்காகப் பேசப் போய், 1708 நவம்பரில் ஹாசியுஸ் அவரைக் கோட்டையில் அடைத்தார். நாலு மாதம் உள்ளே இருந்தார். வெயிலும் புழுக்கமும் அந்த நோஞ்சான் உடம்பை என்ன செய்திருக்கும் என்று தோட்டத்தில் வேலை செய்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1713-இல் தரங்கம்பாடியில் தமிழ் அச்சு ஓடத் தொடங்கியது. தமிழில் முதல் அச்சுப் புத்தகமே இவருடையது என்று சிலர் சொல்வார்கள், அது சரியல்ல. 1578-லேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாகிவிட்டது. ஆனால் அந்த வேலை இடையில் நின்றுபோயிருந்தது. ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிது பெரிதாக இருந்ததால் காகிதம் ஏகமாகச் செலவானது. என்ன செய்தார்கள் தெரியுமா? சீஸ் அடைத்து வந்த டின்களின் ஈய மூடிகளை உருக்கிச் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள்! 1715-இல் பக்கத்துப் பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள். அந்த ஆண்டுக்குள் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறியது.

நடுவில் ஐரோப்பா போனார். மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் கூட்டிப் போனார். லத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலே நகரில் அச்சானது. மணம் முடித்து மனைவியோடு திரும்பி வந்தார். 1718-இல் புதிய எருசலேம் ஆலயம் எழும்பியது. 1719 பிப்ரவரி 23-இல், 36 வயதில் காலமாகி, அந்த ஆலயத்திலேயே அடக்கமானார்.

ஒன்று சொல்லாமல் விட்டேன். நம் நாட்டுத் தெய்வங்களைப் பற்றி, இங்குள்ளவர்களிடமே கேட்டுக் கேட்டு ஒரு பெரிய நூல் எழுதி, 1713-இல் ஹாலேக்கு அனுப்பினார். அவரைப் படிக்க வைத்த பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். அங்கே அனுப்பியது அந்த நம்பிக்கைகளை ஒழிக்கத்தானே ஒழிய, இங்கே கொண்டுவந்து பரப்ப அல்ல என்பது அவர் வாதம். நூல் கிடப்பில் கிடந்தது. 1867-இல்தான் சென்னையில் அச்சானது. அவருடைய கொன்றை வேந்தனுக்கும் உலகநீதிக்கும் அச்சைப் பார்க்க 1930 வரை ஆயிற்று. அதுவும் ஹாலேயில் அல்ல, ஆம்ஸ்டர்டாமில்.