இராமலிங்க அடிகள்

இராமலிங்க அடிகள் (அக்டோபர் 5, 1823 - ஜனவரி 30, 1874) பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்தில் வாழ்ந்த ஆன்மிகவாதியும் கவிஞரும் உரைநடை ஆசிரியரும் ஆவார். வள்ளலார், திருவருட்பிரகாச வள்ளலார் எனவும் இவர் அழைக்கப்படுகிறார். கடலூர் மாவட்டத்தில் நெய்வேலி நகரியத்தை அடுத்துள்ள வடலூரில் சத்திய தருமச்சாலையையும் சத்திய ஞான சபையையும் நிறுவினார். இறைவன் ஒளி வடிவாக எல்லா உயிர்களுக்குள்ளும் விளங்குகிறான் என்பது இவரது கொள்கையின் அடிப்படை. அவ்வாறாயின் மனிதனுடைய செயல்களுக்கு யார் பொறுப்பு, பசியால் வாடுவோரின் துன்பம் இறைவன் விதித்ததா என்னும் வினாக்களுக்கும் இவர் தம் உரைநடை நூல்களில் விடை கூறியுள்ளார்.

இளமை

இராமலிங்கர் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மைக்கும் ஐந்தாவது குழந்தையாகப் பிறந்தார். தந்தை அவ்வூரின் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பிள்ளைகளுக்குக் கல்வியும் கற்பித்தவர். இராமலிங்கர் கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை மறைந்தார். தாய் தம் மக்களுடன் முதலில் பொன்னேரிப் பகுதியிலுள்ள தம் பிறந்த ஊருக்கும், பின்னர் சென்னைக்கும் குடிபெயர்ந்தார். மூத்த தமையனார் சபாபதி சமயச் சொற்பொழிவுகள் செய்து குடும்பத்தைக் காத்து வந்தார்.

தம்பியைக் கல்வியில் ஈடுபடுத்தத் தமையனார் எடுத்த முயற்சிகள் பலனளிக்கவில்லை. இராமலிங்கர் முறையான பள்ளிக் கல்வி பெறவில்லை. சென்னைக் கந்தகோட்டத்து முருகன் கோயிலுக்குச் சென்று பாடுவதிலேயே இளமைக் காலத்தைக் கழித்தார். தெய்வமணி மாலை அக்கோயில் இறைவன் மீது பாடப்பெற்றதாகும். பின்னர் திருவொற்றியூர் சிவபெருமான் மீதும் பல பாடல்கள் பாடினார். 1850ஆம் ஆண்டில் தமக்கையின் மகளான தனக்கோடியை மணந்தார். எனினும் இல்லற வாழ்வில் நாட்டம் கொள்ளவில்லை என்று இவரது வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

சென்னையில் வாழ்ந்தபோதே இவர் பதிப்புப் பணியிலும் ஈடுபட்டார். 1851ஆம் ஆண்டில் கண்ணுடைய வள்ளலார் இயற்றிய ஒழிவிலொடுக்கம் என்னும் நூலைப் பதிப்பித்தார். 1854ஆம் ஆண்டில் மனுமுறைகண்ட வாசகம் என்னும் உரைநடை நூலை வெளியிட்டார். தன் மகன் அறியாமல் தேரேற்றிக் கொன்ற கன்றுக்காக நீதி வழங்கிய மனுநீதிச் சோழனின் கதையைக் கூறும் நூல் இது. ஒருவர் செய்த செயலுக்கு அவரே பொறுப்பு என்பதும், விலங்கின் உயிரும் மனித உயிருக்கு நிகரானது என்பதும் இந்நூலின் மையமாக உள்ளன. பிற்காலத்தில் இவர் விரிவாக எழுதிய கருத்துகளின் தொடக்கத்தை இதில் காணலாம்.

கருங்குழியும் வடலூரும்

1850களின் இறுதியில் இராமலிங்கர் சென்னையை விட்டு நீங்கிச் சிதம்பரம் பகுதியை அடைந்தார். வடலூருக்கு அருகிலுள்ள கருங்குழி என்னும் சிற்றூரில் வேங்கட ரெட்டியார் என்பவரின் இல்லத்தில் பல ஆண்டுகள் தங்கினார். திருவருட்பாவின் பாடல்கள் பல அங்கு இயற்றப்பட்டன.

1865ஆம் ஆண்டில் சமரச வேத சன்மார்க்க சங்கத்தைத் தோற்றுவித்தார். 1872இல் இதன் பெயரைச் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என்று மாற்றினார். 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பட்டது. இதற்கென ஊர் மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தைக் கொடையாக எழுதிக் கொடுத்தனர். சாதி, சமய வேறுபாடின்றிப் பசித்து வந்த அனைவருக்கும் இங்கு உணவளிக்கப்பட்டது. அன்று மூட்டப்பட்ட அடுப்பு அணையாமல் காக்கப்பட்டு வருகிறது.

உயிர்களுக்குள் இறைவன்

அடிகளின் கொள்கையை விளக்கும் முதன்மையான உரைநடை நூல் சீவகாருண்ய ஒழுக்கம் ஆகும். இது அவரது மறைவிற்குப் பின்னர் 1879ஆம் ஆண்டில் அச்சிடப்பட்டது. எல்லா உயிர்களும் ஒரே இறைவனால் உடல் பெற்றவை. எல்லா உயிர்களிலும் அவனது இயற்கை விளக்கம் உள்ளது. ஆகவே உயிர்கள் அனைத்தும் ஒன்றுக்கொன்று உடன்பிறப்பு உரிமை உடையவை என்பது இந்நூலின் தொடக்கக் கருத்து. ஓர் உயிர் துன்புறுவதைக் காணும்போது மற்றோர் உயிருக்கு இரக்கம் தோன்றுவது இவ்வுரிமையினாலேயே என்று அடிகள் விளக்குகிறார்.

இறைவன் எல்லா உயிர்களிலும் இருப்பானாயின் இரக்கமற்ற மனிதர்கள் ஏன் உள்ளனர் என்ற ஐயம் இங்கு எழுகிறது. இதற்கு அடிகள் கண்ணையும் மூக்குக் கண்ணாடியையும் உவமையாகக் காட்டுகிறார். ஆன்ம அறிவு என்னும் கண் அறியாமையால் ஒளி மழுங்கியுள்ளது. அதற்குத் துணையான மனம் முதலிய கண்ணாடிகளும் ஒளி புகாதவாறு தடித்துப்போயின. எனவே உடன்பிறந்த உயிரின் துன்பம் எதிரில் இருந்தும் தெரிவதில்லை. உள்ளே உள்ள ஒளி குறைவதில்லை. அதை மறைக்கும் தடையே மனிதருக்கு மனிதர் வேறுபடுகிறது. சிறிய விளக்கைக் கொண்டு பெரிய விளக்கைப் பெறுவது போல, மனிதன் பிற உயிர்கள் மீது கொள்ளும் சிறிய அருளைக் கொண்டே இறைவனின் பேரருளைப் பெற இயலும் என்பது இவரது முடிவு.

ஊழும் மனித முயற்சியும்

பசி, தாகம், பிணி, வறுமை, அச்சம், கொலை முதலிய துன்பங்கள் உயிர்களுக்கு இரண்டு காரணங்களால் வருகின்றன என்று அடிகள் கூறுகிறார். ஒன்று ஊழ், மற்றொன்று கவனக்குறைவு. எல்லாத் துன்பத்தையும் முன்வினையின் கணக்கில் மட்டும் சேர்த்துவிடாமல், இப்பிறவியின் செயலுக்கும் இடம் அளித்திருப்பது குறிப்பிடத்தக்கது. மனிதர்கள் உணவைப் பெறுவதற்கும் ஊழோடு அவர்களது முயற்சியும் சேர வேண்டும் என்பது இவரது கருத்து.

முன்பிறவியில் தீமை செய்தவர்களை இறைவனே பசியால் வருத்துகிறான் என்றால், அவர்களுக்கு உணவளிப்பது இறைவனின் ஆணைக்கு மாறானது ஆகாதா என்னும் தடையை அடிகள் தாமே எழுப்பிக்கொள்கிறார். அக்காலத்தில் இது நூல்களில் மட்டும் இருந்த வினா அன்று. சென்னை மாகாணம் அடிக்கடி பஞ்சத்திற்கு உள்ளானது. அடிகள் மறைந்து சில ஆண்டுகளுக்குள் 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம் ஏற்பட்டு இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். பசித்தவன் தன் விதியை அனுபவிக்கட்டும் என்னும் எண்ணம் நிலவினால் பல உயிர்கள் மாண்டுபோகும்.

இதற்கு அடிகள் கூறும் விடை அரசனின் சிறைக்கூடத்தைச் சார்ந்தது. கொடிய குற்றவாளிகளைச் சிறையிலிடும் அரசனும் அவர்களுக்குத் தன் ஏவலர் மூலம் உணவளிக்கிறான். குற்றம் செய்ததால் வேலையை இழந்து அலையும் ஒருவனுக்கு இரக்கமுள்ளோர் உணவிட்டால், அதைக் கேட்கும் நல்லரசன் சினம் கொள்வதில்லை. அவர்களை இரக்கமுடையோர் என்று மதிப்பான். அவ்வாறே, வினைப்பயனை ஊட்டும் இறைவனும் பசித்தோருக்கு உணவளிப்பதைத் தன் ஆணைக்கு எதிரானதாகக் கொள்ளமாட்டான். தண்டனை இறைவனுடையதாகவே இருந்தாலும், அருகிலிருப்பவன் உதவுவதா, விலகிச் செல்வதா என்பது அவனது பொறுப்பிலேயே உள்ளது என்பது இவ்விடையிலிருந்து பெறப்படும் கருத்தாகும்.

உயிர்க்கொலையும் புலால் உணவும் உடையோரைப் புறவினத்தார் என்றும், இவை இல்லாதோரை அகவினத்தார் என்றும் அடிகள் பிரித்தார். இப்பிரிவு பிறப்பைப் பொறுத்ததன்று. ஒருவர் மேற்கொள்ளும் ஒழுக்கத்தைப் பொறுத்தது. அதே வேளையில், புறவினத்தாருக்கும் பசி தவிர்க்கும் உதவியை மறுக்கலாகாது என்று வரையறுத்தார்.

மூவகைச் சுதந்தரங்கள்

அடிகள் இயற்றிய விண்ணப்பங்களுள் ஒன்றான சுத்த சன்மார்க்க சத்திய ஞான விண்ணப்பத்தில் மூவகைச் சுதந்தரங்கள் பேசப்படுகின்றன. உடலின் மீதான உரிமை தேக சுதந்தரம். நுகர்பொருள்களின் மீதான உரிமை போக சுதந்தரம். உயிரின் அறிவின் மீதான உரிமை சீவ சுதந்தரம். இம்மூன்றையும் திருவருளுக்கே ஒப்படைத்துவிட்டதாக அடிகள் அறிவிக்கிறார்.

இதனை மனித விருப்புரிமையின் மறுப்பாகக் கொள்வோரும் உளர். ஆயினும் தன்னிடம் இல்லாத ஒன்றை எவரும் பிறருக்குக் கொடுக்க இயலாது. ஒப்படைத்தல் என்னும் செயலே மனிதனிடம் சுதந்தரம் இருப்பதை ஏற்றுக்கொள்கிறது. மேலும், இவ்விண்ணப்பத்தை எழுதியவர் செயலற்று இருந்துவிடவில்லை. தருமச்சாலையையும் சபையையும் தோற்றுவித்து, அவற்றிற்கான விதிமுறைகளையும் அவரே வகுத்தார்.

பிற கொள்கைகளுடன் ஒப்பீடு

இவ்வினா தமிழகத்துச் சமய மரபில் பழமையானது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார், இறைவன் உயிர்களோடு கலப்பினால் ஒன்றாகவும், பொருள் தன்மையால் வேறாகவும், உயிருக்கு உயிராதலால் உடனாகவும் நிற்கிறான் என்று நிறுவினார். ஒரே கதிரவனின் முன்னிலையில் ஒரு தாமரை மலர, ஒன்று முதிர, ஒன்று வாடுவதைச் சைவ நூல்கள் உவமையாகக் காட்டும். கதிரவன் ஒன்றே, வேறுபாடு மலர்களின் பக்குவத்தில் உள்ளது. இராமானுசர், இறைவன் ஒவ்வோர் உயிருக்குள்ளும் இருந்து இயக்குபவன் என்றாலும் முதல் முயற்சி உயிரினுடையது என்றும், அதற்கு இறைவன் இசைவு தருகிறான் என்றும் விளக்கினார்.

ஐரோப்பாவில் இதற்கு மாறான விடையும் தோன்றியது. ஆலந்து நாட்டு மெய்யியலாளர் ஸ்பினோசா (1632-1677), உள்ளவை யாவும் கடவுளிடத்தே உள்ளன என்றும், ஆகவே எல்லாம் தவிர்க்க இயலாத நியதிப்படியே நிகழ்கின்றன என்றும் வாதிட்டார். தம் விருப்பங்களை அறிந்து, அவற்றின் காரணங்களை அறியாததால் மனிதர் தம்மைச் சுதந்தரமுடையோராக எண்ணுகின்றனர் என்பது அவர் கருத்து.

அடிகள் சைவ சித்தாந்தச் சூழலில் வளர்ந்தவர். எனினும் 1873ஆம் ஆண்டில் நிகழ்த்திய பேருபதேசத்தில், முன்பு தாம் கொண்டிருந்த சமயப் பற்றைக் கைவிட்டுவிட்டதை வெளிப்படையாக அறிவித்தார்.

சத்திய ஞான சபை

வடலூரில் எண்கோண வடிவில் அமைந்த சத்திய ஞான சபையில் 1872 ஜனவரி 25 அன்று, தைப்பூச நாளில், முதல் வழிபாடு நடைபெற்றது. கருமை, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு ஆகிய நிறங்களில் தொங்கும் ஏழு திரைகளுக்கு அப்பால் ஒளி காட்டப்படுகிறது. திரைகள் ஆன்ம ஒளியை மறைக்கும் சக்திகளைக் குறிக்கும். உயிருக்குள் ஒளி என்றும் உள்ளது, விலக வேண்டியது மறைப்பே என்னும் கொள்கை இவ்வாறு கட்டட வடிவம் பெற்றுள்ளது. அதே ஆண்டில் 1596 அடிகளைக் கொண்ட அருட்பெருஞ்ஜோதி அகவலை இயற்றினார்.

எதிர்ப்பு

1867ஆம் ஆண்டில் தொழுவூர் வேலாயுத முதலியார் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகளை வெளியிட்டார். இப்பாடல்களுக்கு அருட்பா என்று பெயரிட்டதை யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கடுமையாக எதிர்த்தார். தேவாரம் முதலிய திருமுறைகளுக்கே அப்பெயர் உரியது என்பது அவர் தரப்பின் வாதம். 1869இல் இது கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. வழக்கின் நிகழ்வுகளை இரு தரப்பாரும் வெவ்வேறாகக் கூறுவர். அருட்பா-மருட்பாப் போர் எனப்படும் இச்சர்ச்சை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தொடர்ந்தது. அப்போது அருட்பாவிற்கு ஆதரவாகப் பேசியவர்களுள் இசுலாமியரான செய்குத்தம்பிப் பாவலரும் ஒருவர்.

மறைவு

1870ஆம் ஆண்டு முதல் அடிகள் வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில் சித்திவளாகம் என்னும் இல்லத்தில் தங்கினார். 1873 அக்டோபர் மாதத்தில் அங்கு சன்மார்க்கக் கொடியை ஏற்றிப் பேருபதேசம் செய்தார். பின்னர் தம் அறையிலிருந்த விளக்கை வெளியே வைத்து, அதனை வழிபட்டு வருமாறு அன்பர்களைப் பணித்தார். 1874 ஜனவரி 30 அன்று அறைக்குள் சென்று கதவை மூடிக்கொண்டார். அதன்பின் அவரை எவரும் காணவில்லை. அவர் உடலோடு ஒளியில் கலந்தார் என்பது சன்மார்க்க அன்பர்களின் நம்பிக்கை. ஆங்கிலேய அரசின் மாவட்ட விவரக் குறிப்பேட்டிலும் இந்நிகழ்வு இடம்பெற்றுள்ளது.

நினைவு

இராமலிங்க அடிகள் வாழ்ந்த மருதூர், கருங்குழி, வடலூர், மேட்டுக்குப்பம் ஆகிய ஊர்கள் அனைத்தும் கடலூர் மாவட்டத்திலேயே உள்ளன. 1956ஆம் ஆண்டில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட பின் இப்பகுதியின் தோற்றம் பெரிதும் மாறியது. வடலூர்த் தைப்பூசத்திற்கு ஆண்டுதோறும் பெருந்திரளான மக்கள் வருகின்றனர். 2007ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அடிகளின் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு இவரது பிறந்த நாளான அக்டோபர் 5ஆம் நாளைத் தனிப்பெருங்கருணை நாளாக அறிவித்தது. தருமச்சாலையில் பசித்து வருவோருக்கு உணவளிக்கும் பணி தொடர்ந்து நடைபெறுகிறது.