வாஷிங்டனின் கடைசிப் பல்

1789ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் நியூயார்க் நகரில் ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்காவின் முதல் அதிபராகப் பதவியேற்றார். பிரிட்டிஷ் படையை எதிர்த்து வென்ற அந்தத் தளபதியின் வாயில் அன்று எஞ்சியிருந்தது ஒரே ஒரு பல்தான்.

1732இல் வெர்ஜீனியாவில் பிறந்த அவரை இளமையிலேயே பல்வலி வாட்டத் தொடங்கியது. 24ஆம் வயதில் பல் ஒன்றைப் பிடுங்க ஐந்து ஷில்லிங் கொடுத்தார். பற்களைப் பேணுவதில் அவர் அக்கறையற்றவர் அல்லர். தூரிகையும் பற்பொடியும் வாங்கிப் பயன்படுத்தினார். ஆயினும் ஈறுகள் வீங்கின. பற்கள் ஒவ்வொன்றாகப் போயின.

ஜான் கிரீன்வுட் என்னும் பல் மருத்துவர் நீர்யானைத் தந்தத்தைச் செதுக்கி, அதில் மனிதப் பற்களைப் பதித்து, அவருக்குச் செயற்கைப் பல்வரிசை செய்தார். எஞ்சிய பல் நுழைவதற்காகக் கீழ்வரிசையில் ஒரு துளை விட்டார். அந்த ஒற்றைப் பல்லே பல்வரிசை நகராமல் பிடித்துக்கொண்டது. மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் சுருள்வில்கள் இணைத்தன. வில்லோ எப்போதும் வாயைத் திறக்கவே தள்ளும். எனவே, வாஷிங்டன் தாடையை இறுக்கி மூடியே இருக்க வேண்டியிருந்தது. பேசுவதும் மெல்லுவதும் பெரும்பாடாயின. உதடுகளும் புடைத்துத் தெரிந்தன. 1796இல் கில்பர்ட் ஸ்டூவர்ட் தீட்டிய ஓவியத்தில் அந்த இறுகிய வாயைக் காணலாம். அமெரிக்க ஒரு டாலர் நோட்டில் இருப்பதும் அதே முகந்தான்.

இக்காலத்தில் செயற்கைப் பல்வரிசை பொருத்துமுன், தேவைப்பட்டால், தாடை எலும்பின் மேடுபள்ளங்களை அறுவைச் சிகிச்சையால் சீராக்குவர். அன்று மயக்க மருந்தே இல்லை. பல் பிடுங்கிய இடம் எப்படி ஆறியதோ, அதன்மேல்தான் பல்வரிசை அமர்ந்தது.

அவரது கணக்கேட்டில் மனத்தை உறுத்தும் வரி ஒன்றுண்டு. 1784இல் கறுப்பினத்தவரிடம் ஒன்பது பற்கள் வாங்கப் பணம் கொடுக்கப்பட்டது. அவை அவர் வாய்க்குத்தான் சென்றனவா என்பது உறுதியில்லை. ஆனால், அவருடைய பண்ணையில் அடிமைகளாக வாழ்ந்தவர்கள் வேண்டாம் என்று மறுத்திருக்க முடியுமா?

1796இல் கடைசிப் பல்லும் பிடுங்கப்பட்டது. அதைக் கிரீன்வுட் சிறு பேழையில் வைத்துப் பாதுகாத்தார். பிடிமானமாக இருந்த பல்லும் போனபின், பல்வரிசை உதடுகளை வெளியே தள்ளுகிறது என்று வாஷிங்டன் அவருக்கு எழுதி, அதைச் சரிசெய்யக் கேட்டுக்கொண்டார். 1799 டிசம்பரில் அவர் மறைந்தார்.

அவர் மரப்பற்கள் வைத்திருந்தார் என்பது வெறுங்கதை. ஈயத்தில் மனிதப் பற்களும் விலங்குப் பற்களும் பதித்த அவரது பல்வரிசை ஒன்று, அவர் வாழ்ந்த மவுண்ட் வெர்னனில் இன்றும் இருக்கிறது.