குருதியில் நோயைக் கண்டவர்

மலேரியா என்னும் முறைக்காய்ச்சல் பண்டைக்காலம் முதற்கொண்டே மாந்தரை வாட்டி வந்த கொடிய நோயாகும். சதுப்பு நிலங்களினின்று எழும் நச்சுக்காற்றே அதற்குக் காரணம் என்று கற்றோரும் நெடுங்காலம் நம்பினர். நோய்க்குக் காரணமான உயிரி நோயாளியின் குருதியிலேயே உளது எனக் கண்டு உலகிற்கு அறிவித்தவர் அல்போன்ஸ் லாவரன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் ஆவார்.

லாவரன் 1845-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் படை மருத்துவர். மைந்தரும் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மருத்துவம் பயின்று அப்பணியையே மேற்கொண்டார். 1878-இல் அவர் வட ஆப்பிரிக்காவிலுள்ள அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே போர்வீரர் பலர் முறைக்காய்ச்சலால் வருந்தினர். அந்நோயால் மாண்டோரின் உடலுறுப்புக்களில் கருநிறத் துகள்கள் படிந்திருந்தன. அவை எவ்வாறு தோன்றின என அறிய விரும்பிய லாவரன், உயிரோடிருந்த நோயாளரின் குருதியை ஆராயத் தொடங்கினார்.

1880-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள், கான்ஸ்டன்டைன் நகரப் படை மருத்துவமனையில், காய்ச்சலுற்ற வீரர் ஒருவரின் குருதித் துளியை நுண்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினார். சிவப்பு அணுக்களிடையே உருண்டை வடிவம் ஒன்று தென்பட்டது. அதன் ஓரத்தினின்று மெல்லிய இழைகள் விரைந்து துடித்தன. அஃது உயிருள்ள பொருளே எனத் தெளிந்தார். பின்னர் 192 நோயாளரை ஆராய்ந்து, 148 பேரிடம் அவ்வுயிரியைக் கண்டார். கொயினா மருந்து உண்டபின் அது குருதியினின்று மறைவதையும் அறிந்தார்.

எனினும் அறிஞர் பலர் அவர் கூற்றை ஏற்கவில்லை. மண்ணில் வாழும் ஒருவகைப் பாக்டீரியாவே காரணம் என இத்தாலியில் சிலர் கூறிவந்தனர். லாவரன் மனந்தளர்ந்தாரல்லர். 1882-இல் ரோம் நகருக்கே சென்று, அங்குள்ள நோயாளரின் குருதியிலும் அதே உயிரியைக் கண்டார். நாளடைவில் உலகம் அவர் கண்டதை மெய்யென ஏற்றது. 1907-இல் நோபல் பரிசு அவரை அடைந்தது. அத்தொகையிற் பாதியை வெப்பநாட்டு நோய்களை ஆராயும் ஆய்வுக்கூடத்திற்கென அவர் பாஸ்டர் நிலையத்திற்கு ஈந்தார். 1922-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் இயற்கை எய்தினார்.

இக்காலத்தே, மெல்லிய பொன்தகட்டின்மீது ஒளியைச் செலுத்தி, குருதியிலுள்ள நோய்ப்பொருள் அத்தகட்டைப் பற்றும்போது திரும்பும் ஒளி மாறுபடுவதைக் கொண்டு நோயை உணரும் கருவிகளும் ஆக்கப்பட்டுள்ளன. ஒரு துளிக் குருதியில் ஒளியின் துணையால் நோயைத் தேடும் அந்நெறியில், எளிய கருவி ஒன்றைக் கொண்டே முன்னர் நடந்து காட்டியவர் லாவரன். கண்ட உண்மையைப் பிறர் மறுத்தபோதும் கைவிடாது, மீண்டும் மீண்டும் ஆராய்ந்து நிலைநாட்டிய அவர்தம் உறுதி மாணவர் போற்றத்தக்கதாகும்.